மூன்று கோப்பைப் பால்

தேயிலை நிறுவனத்தில் அவளை எல்லோரும் தராசு என்றே அழைத்தார்கள். ஒரு கரண்டித் தேநீரை ஓசையுடன் உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுழற்றி, காலருகே இருக்கும் தொட்டியில் துப்பிவிட்டு, "இதை ஈரச் சாக்குக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க" என்பாள். கிடங்குக்கு ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்து, ஆமாம் என்று தலையாட்டுவார்கள். அவள் பச்சை வெங்காயம் தின்பதில்லை. மணமுள்ள சோப்பைத் தொடுவதில்லை. ஆறாத எதையும் வாயில் வைப்பதில்லை. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் நாக்கைத்தான் அவள் பிள்ளையாக வளர்க்கிறாள் என்று கணவர் கேலி செய்வார்.

நிறுவனத்தின் தலைமைச் சுவைஞர் ஓய்வு பெறவிருந்தார். அந்த இடத்துக்கு இருவர் போட்டியிட்டனர். ஒருத்தி தராசு, மற்றவள் சுவை அறையில் அவளுக்கு நேர் எதிரே உட்காருபவள். அவளுக்கு எதிர்மேசைக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை இருவருக்கும் தேர்வு. அதில் தோற்றால் இருக்கிற மேசையாவது மிஞ்சும். நாக்கே பழுது என்று தெரிந்தால் அதுவும் மிஞ்சாது.

இந்த நேரம் பார்த்துத்தான் தராசுக்குப் பதற்றம் வந்திருந்தது. தெருவில் நடக்கும்போது காரணமின்றி நெஞ்சு தடதடக்கும். யாரோ இறந்த செய்தி வரப்போகிறது என்று தொலைபேசியைப் பார்த்தபடியே இருப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புவாள். அணைந்த அடுப்பைக் கண்ட பிறகும் அதை நம்பாமல் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். கரண்டியைத் தூக்கும்போது கை நடுங்கினால், "கைப்பிடி வழுக்குது" என்று கரண்டியைத் திட்டுவாள்.

கணவர் வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, இது பதற்ற நோய், இதற்கு மாத்திரையும் உண்டு, பேசித் தீர்க்கும் சிகிச்சையும் உண்டு, இரண்டில் எதையும் தொடங்கலாம் என்றார். எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் இரண்டுமே விலைபோகாத சரக்கு என்று தராசு எண்ணுவாள். அப்போதும் அப்படித்தான் எண்ணினாள்.

"மாத்திரை நாக்கைக் கெடுக்குமா?"

"மயக்கமெல்லாம் வராது. சிலருக்கு வாய் உலரும். எல்லாருக்கும் இல்ல. உலர்ந்தா வந்து சொல்லுங்க, மாத்திப் பாக்கலாம்."

"அந்தச் சிலர்ல நான் உண்டா?"

"அதை முன்கூட்டியே சொல்ல முடியாதும்மா."

"அப்ப பேச்சு?"

"அதுவும் நல்லாவே பலன் தரும். ஆனா உட்கார்ந்து கேட்டுட்டு வந்தா போதாது. சொல்றதை வீட்டுல செஞ்சு பாக்கணும். ரெண்டையும் சேர்த்தும் செய்யலாம். எதுவா இருந்தாலும் சில வாரம் பொறுக்கணும்."

சில வாரம் என்றால் தேர்வு முடிந்துவிடும். தராசு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள். மாத்திரையையும் வாங்கினாள். பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

பேச்சு வைத்தியத்தை அவள் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. மனநல ஆலோசகர் ஒருவரை நிறுவனமே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஊழியர் யாரும் போகலாம். மிதிவண்டிக் கடைக்கு மேலே இருந்த அவருடைய அறைக்கு ஒருமுறை போனாள். மேசையில் கண்ணீர் துடைக்கும் காகிதக்கைக்குட்டைப் பெட்டி தயாராக இருந்தது. அழவைக்க முன்கூட்டியே ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டாள். நிறுவனம் வைத்த ஆளின் காது நிறுவனத்தின் காதுதானே என்றும் நினைத்தாள்.

ஆலோசகர், அவள் வயதை ஒத்த பெண், புன்னகையுடன், "இங்க வர்ற வழியில மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டார்.

"பஸ்."

"பஸ்ஸா?"

"பஸ்ஸுல வந்தேன். அதான் பஸ் ஓடுச்சு."

மீதி நேரம் முழுவதும் ஆமாம், இல்லை என்ற இரு சொற்களாலேயே கழித்துவிட்டு வந்தாள்.

இப்படி இரண்டு வழியும் அடைபட்டுக் கிடந்தபோதுதான் நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை. மருந்துக் கடையில் வேலை செய்பவள். பை நிறையப் பழம் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

"அண்ணி, ஒரு மாத்திரைய முழுங்க இத்தனை யோசனையா? எங்க கடையில ஆளுங்க வரிசையில நின்னு வாங்கறாங்க."

"வரிசையில நிக்கறவங்க யாருக்காவது நாக்கால வேலையா?"

"பேசறது நாக்கால தானே? எல்லாம் நல்லாத்தான் பேசறாங்க."

"பேசறதுக்கு நாக்கு இருந்தாப் போதும். எனக்கு அதுக்கு உயிரும் இருக்கணும்."

"அண்ணா, நீயாவது சொல்லேன். சிலை மாதிரி நிக்கற."

கணவர் பழப்பையை வாங்கி வைத்தார். தங்கையை வழியனுப்ப வாசல்வரை போனார். அங்கே இருவரும் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார்கள். சமையலறை ஜன்னல் வழியாகத் தராசுக்கு அவர்கள் தலைகள் மட்டும் தெரிந்தன. ஒரு தலை வேகமாக எதையோ சொன்னது. மற்ற தலை அசைந்தது. மேலும் கீழுமா, இடமும் வலமுமா என்று அவளால் கண்டுகொள்ள முடியவில்லை.

கணவர் சோபா தைப்பவர். வீட்டின் முன்னறையே அவருடைய பட்டறை. மறுநாள் பழைய நாற்காலி ஒன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டே, வாயில் மிச்ச ஆணிகளைக் கவ்வியபடி ஒரு கதை சொன்னார்.

"ஒரு நரியாம். அதோட வளைக்கு ரெண்டு வாசல். முன்வாசல்ல வேடன் நிக்கறான்னு சந்தேகம். பின்வாசல்ல வலை விரிச்சிருக்கான்னு சந்தேகம். ரெண்டுக்கும் நடுவுல உட்கார்ந்து மோப்பம் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சாம்."

"அப்புறம்?"

"பசிக்குது அதுக்கு."

"செத்துச்சா, பொழைச்சுதா?"

"எனக்கென்ன தெரியும்? கதையே இப்பதான் தைச்சேன். இன்னும் ஓரம் அடிக்கல."

"ஒருவேளை நெஜமாவே வேடன் இருந்திருந்தா?"

கணவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அதான் உன்கிட்ட கதை சொல்றதே கஷ்டம். நரி பக்கம் போய் உட்கார்ந்துக்கற."

நாள் முழுக்கத் தேநீரைத் துப்புகிறவள் ஆதலால் தராசு வீட்டில் பால்தான் குடிப்பாள். காலையிலும் மாலையிலும் அதைக் காய்ச்சி ஆற்றிக் கொடுப்பது கணவரின் வழக்கம். அன்று மாலை ஒரு மிடறு குடித்ததுமே அவள் நிறுத்திவிட்டாள். நாக்கின் பின்புறத்தில், ஓரங்களில், மெல்லிய கசப்பு ஒன்று ஒட்டிக்கொண்டு போகாமல் நின்றது. தொழில்முறையில் அது அவளுக்குத் தெரிந்த இடம். பழைய சரக்கின் கசப்பு முன்னால் தெரியும். கருகிய இலையின் கசப்பு நடுவில் தெரியும். இப்படிப் பின்னால் பதுங்கும் கசப்பு மருந்தினுடையது.

"என்னங்க, பால்ல என்ன போட்டீங்க?"

"சர்க்கரை."

"வேற?"

"வேற என்ன போடுவாங்க பால்ல? பாலு."

அடுத்த நாளும் கசந்தது. அதற்கடுத்த நாள் கூடுதலாகக் கசந்தது. இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அது அவளுக்கு ஆறுதல் தரவில்லை. மருந்துக் கடையிலேயே தங்கை இருக்கும்போது இந்த அட்டையைத் தொட வேண்டிய அவசியம் என்ன? மேலும், கணவரின் தொழிலை அவள் அறியாதவளா? மேலே பளபளப்பான துணி, உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது தைத்தவருக்கு மட்டுமே தெரியும். இத்தனை ஆண்டு அந்த வித்தையைப் பெருமையாகப் பார்த்தவள் இப்போது அதையே குற்றச்சாட்டாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் கோப்பையை மேசையில் தள்ளி வைத்தாள்.

"உங்க தங்கச்சி வாசல்ல என்ன சொன்னா?"

கணவர் முகம் மாறியது. அதை அவள் பார்த்தாள்.

"அவ ஏதோ உளறினா. விடு."

"என்ன உளறினா?"

அவர் துணி வெட்டும் கத்தரியை எடுத்தார், வைத்தார். "பால்ல கலந்து குடுத்துடேன்னு சொன்னா. நான் அவளைத் திட்டி அனுப்பினேன். இப்படி ஒரு யோசனைய நீ கடையில சொன்னா அன்னைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு சொன்னேன்."

"ஆக, பேச்சு நடந்திருக்கு."

"நடந்துச்சு. அதோட முடிஞ்சுது."

"முடிஞ்சிருந்தா பால் ஏன் கசக்குது?"

"எனக்குக் கசக்கலையே! இந்தா பாரு." அவள் கோப்பையையே எடுத்து மடமடவென்று குடித்துக் காட்டினார். "இப்ப நானும் மயங்கி விழணும் இல்ல?"

"பதற்ற மாத்திரைக்கு மயக்கம் வராதுன்னு டாக்டர் சொன்னாரே. ஞாபகம் இருக்கா?"

அவர் காலிக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, "இத்தனை வருஷத்துல உன் சாப்பாட்டுல உப்பு ஒரு கல் கூடினாக்கூட நான் மறைச்சதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனார். அன்று சுத்தியல் சத்தம் கேட்கவில்லை.

தராசு அழவில்லை. அவள் வேலை செய்யும் இடத்தில் ஐயம் வந்தால் அழமாட்டார்கள், சோதிப்பார்கள். சோதனைக்கு ஒரு முறை உண்டு. மூன்று கோப்பைகள் வைக்க வேண்டும். இரண்டில் ஒரே பொருள், ஒன்றில் வேறு. ஊற்றுகிறவர் ஒருவர், சுவைக்கிறவர் மற்றொருவர். தனித்து நிற்கும் கோப்பையை நாக்கு தானாகவே பிடித்துவிடும். அதற்குமேல் வாதம் கிடையாது.

மறுநாள் காலை கணவர் காய்ச்சிய பாலைச் சொல்லாமல் ஒரு குடுவையில் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். சனிக்கிழமை அரை நாள். பகலில் எல்லோரும் போய்விடுவார்கள். வீட்டில் வாங்கும் அதே வகைப் பால் பொட்டலம் ஒன்றை வாங்கித் தானே காய்ச்சி, சர்க்கரை போட்டு, இரண்டையும் ஒரே சூட்டுக்கு ஆற்றினாள். ஆனால் ஊற்றுவதற்கு இன்னொரு கை வேண்டும். அறையில் மிஞ்சியிருந்த ஒரே கை எதிர்மேசைக்காரியுடையது.

தராசு தயங்கினாள். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தக் கதையை இவள் எங்கே, யாரிடம், எப்படிச் சொல்லுவாள் என்பதெல்லாம் கணத்தில் கண்முன் ஓடியது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

எதிர்மேசைக்காரி கேட்டுவிட்டுக் குடுவையை முகர்ந்து பார்த்தாள். "சரிதான்டி. உன் வீட்டுக்காரர் மருந்து கலந்திருக்கார்னு வை. அதை நான் எதுக்கு வாயில வைக்கணும்?"

"நீ வைக்க வேண்டாம். ஊத்தினாப் போதும்."

"வச்சாத்தான் என்ன? துப்பறதுல இந்தக் கட்டடத்துலயே நான்தான் முதல் ஆளு." சொல்லிக்கொண்டே கைகளைக் கழுவினாள். "திரும்பி நில்லு. எட்டிப் பாத்தா சோதனை செல்லாது."

தராசு சுவரைப் பார்த்து நின்றாள். பின்னால் கோப்பைகள் மெல்ல இடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது. நெஞ்சு வழக்கம்போல் தடதடக்கத் தொடங்கியது. இன்று அதற்குக் காரணம் இருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஒரு கோப்பை தனித்துவிட்டால், இன்று மாலை எந்த முகத்துடன் அந்த வீட்டுக்குள் போவது?

"வா."

வெள்ளைக் கோப்பைகள் மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒரே வரிசையில் இருந்தன. சுவைப்பதற்கு முன் வாய் கொப்பளிக்க வேண்டும். தராசு தன் மேசையில் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்தாள். காலையில் அவளே குழாயில் பிடித்து, அவளே மூடி வைத்தது. ஒரு வாய் எடுத்து, சுழற்றி, துப்பினாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி?"

இன்னொரு வாய் எடுத்தாள். துப்பினாள். மூன்றாவது வாயை விழுங்கியே விட்டாள். நாக்கின் பின்புறத்தில், ஓரங்களில், அதே மெல்லிய கசப்பு அதே இடத்தில் பதுங்கியிருந்தது.

"இந்தத் தண்ணியக் குடிச்சுப் பாரேன்."

எதிர்மேசைக்காரி குடித்தாள். "தண்ணி."

"கசக்கல?"

"தண்ணி மாதிரி இருக்கு. குழாய்த் தண்ணி."

தராசு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு முறைப்படி மூன்று கோப்பைகளையும் சுவைத்தாள்; பாதியில் விடுவது அவள் பழக்கமில்லை. முதலாவது கசந்தது. இரண்டாவது கசந்தது. மூன்றாவதும் கசந்தது. எது தனி என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் மூன்று கோப்பைகளுக்கு முன்னால் அவள் வாயடைத்து உட்கார்ந்தது இதுவே முதல் தடவை.

எதிர்மேசைக்காரி மூன்றையும் தானே சுவைத்துத் துப்பினாள். "ஒண்ணுல சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அது உன் வீட்டுக்காரர் போட்டது. மத்தபடி எல்லாம் பாலு. மனுஷனுக்கு உன் மேல ஆசை ஜாஸ்தி போல."

தராசு உதட்டைத் தடவினாள். உலர்ந்து, தோல் உரிந்திருந்தது. வாய்க்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக இப்படி? நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் வாய் வறண்டதை அவள் கவனித்ததே இல்லை. எந்த நாக்கைக் காப்பாற்ற மாத்திரையை இழுப்பறையில் பூட்டி வைத்தாளோ, அந்த நாக்கைப் பதற்றம் எப்போதோ வளைத்துப்போட்டிருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

எதிர்மேசைக்காரி கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். "இந்த வாரம் கசப்புன்னு நீ தள்ளிவிட்ட சரக்கை எல்லாம் நீ போனதும் நான் மறுபடி குடிச்சுப் பாத்தேன். நல்ல சரக்கு. தனியா எடுத்து வச்சிருக்கேன்."

"மேலாளர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன் மேசையையும் என் தலையில கட்டுவாரு. எனக்கு அவ்வளவு ஆசை இல்ல."

இது உண்மையா, திங்கட்கிழமைக்காகச் சேமித்து வைத்த ஆயுதமா என்று தராசு எடைபோட முயன்றாள். முடியவில்லை. எதையும் எடைபோடும் நிலையில் தான் இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டுக்குப் போனபோது கணவர் ஒரு சோபாவைக் கவிழ்த்துப்போட்டு அதன் வயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்னங்க, தண்ணியும் கசக்குது."

"எந்தத் தண்ணி?"

"நானே பிடிச்சு வச்ச தண்ணி."

அவர் பஞ்சை விலக்கிவிட்டு எழுந்தார். "ஆக, குழாய்க்காரனும் என் தங்கச்சியோட சேர்ந்துட்டான்."

அவள் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடது. ஆனா உங்க தங்கச்சி சொன்னது அதைவிடத் தப்பு. அதை நான் அவகிட்ட நேராவே கேட்பேன்."

"கேளு. நல்லாக் கேளு. நான் திட்டினது அவளுக்குப் பத்தல" என்றார். பஞ்சை மறுபடி கையில் எடுத்து, "மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்கு. போயிடும்."

திங்கட்கிழமை காலை, கோப்பைகள் அடுக்கப்படுவதற்கு முன்பே தராசு மேலாளரின் அறைக்குப் போனாள். உடம்பு சரியில்லை, நாக்கு வேலை செய்யவில்லை, தேர்வுக்கு உட்காரவில்லை, சரியாகும்வரை தேயிலை கலக்கும் பிரிவில் இருக்கிறேன் என்றாள். திரும்பி வரும்போது மேசை காலியாக இருக்கும் என்று அவரால் வாக்குத் தர முடியவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று பகலுக்குள் எதிர்மேசைக்காரிக்குத் தலைமை இடம் கிடைத்துவிட்டது.

அன்று மாலையே டாக்டரிடம் போனாள். இப்போது அவள் கணக்கு வேறாக இருந்தது. நாக்கு எப்படியும் வேலையில் இல்லை. அதனால் மாத்திரை அதை என்ன செய்கிறது என்று அச்சமின்றிப் பார்க்க இதைவிட நல்ல காலம் வராது. ஆனால் மாத்திரை உடம்பை அடக்கினாலும், அணைந்த அடுப்பை நம்பாத கையை யார் அடக்குவது? அதற்குப் பேச்சுத்தான் வேண்டும். "ரெண்டுமே தொடங்கறேன்" என்றாள். வாய் உலர்ந்தால் எத்தனை நாள் பொறுப்பது, பிடிக்காவிட்டால் தானாக நிறுத்தலாமா என்று கேட்டாள். தானாக நிறுத்தக் கூடாது, வந்து சொன்னால் மெல்லக் குறைக்கலாம் என்றார் டாக்டர். அதையே இரண்டு முறை சொல்ல வைத்து, இரண்டு முறையும் ஒரே மாதிரி சொல்கிறாரா என்று பார்த்தாள்.

அந்த வாரமே மிதிவண்டிக் கடைக்கு மேலே ஏறினாள். உட்காரவில்லை. கதவருகே நின்றபடி ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். நான் இங்க பேசறதை எல்லாம் நீங்க எங்க கம்பெனிக்குச் சொல்லுவீங்கன்னு நினைக்கிறேன்."

ஆலோசகர் மறுத்துத் தலையசைத்தார். "நீங்க வந்தீங்களான்னுகூட நான் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் வெளியில பேசுவேன், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். ஆனா இதை நீங்க உடனே நம்பணும்னு இல்ல."

"நம்பல."

"நல்லது. வேற என்னென்ன நம்பல?"

தராசு அவரை உற்றுப் பார்த்தாள். கேள்வியில் கேலி இருக்கிறதா என்று தேடினாள், அகப்படவில்லை. அகப்படாததும் சற்று ஐயத்துக்குரியதாகவே பட்டது.

"என் சந்தேகத்தை எல்லாம் கேக்க இங்க தனியா நேரம் ஒதுக்கியிருக்கீங்களா?"

"இன்னைக்கு முழு நேரமும் அதுக்குத்தான்."

"அப்படின்னா நேரம் பத்தாது" என்று சொல்லிவிட்டு, தராசு நாற்காலியைக் கதவு தெரியும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.